வெள்ளம் வந்தால் ஃப்ரிட்ஜைத் தூக்க 12 வோல்ட் மேடை: 7,000 ரூபாய்க்குள் முடியுமா?

காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), ஆகஸ்ட் 24

வணக்கம். கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் பக்கத்திலேயே, தரைத்தளத்தில் எங்கள் வீடு. 2015 டிசம்பரில் ஃப்ரிட்ஜ் மிதந்து கவிழ்ந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழையன்று எனக்கு இரவு ஷிப்ட். வீட்டில் அம்மா மட்டும்தான். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. மூட்டு வலியோடு அரிசி டின்னை மட்டும் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, மற்றதெல்லாம் நனைவதைப் பார்த்தபடி விடியும் வரை உட்கார்ந்திருந்தார். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் இரண்டு முறை போய்விட்டன. மூன்றாவது முறை வாங்க என்னிடம் வசதி இல்லை.

அம்மா ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டும் 3 அடி மேலே போக வேண்டும். அவ்வளவுதான் தேவை. எடையைப் பார்த்தால், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் சுமார் 40 கிலோ, உள்ளே இருக்கும் சாமான் 10, மேலே திறக்கும் வாஷிங் மெஷின் 30, அரிசி டின்னும் பத்திரப் பெட்டியும் 15, மேடையின் சொந்த எடை ஒரு 20. ஆக 120 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் கரண்ட் இருக்காது என்பதால் 230 வோல்ட் ஹாய்ஸ்ட் (பாரம் தூக்கும் மோட்டார்) எதுவும் உதவாது. புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் கிடைக்கும். அதில் டிரம் மாட்டி, வயர் ரோப்பைச் சுற்றி, மேலே கப்பி போட்டு இழுக்கலாம் என்று நினைக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி போதுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


செங்கல்மேடை (கொடுங்கையூர்), ஆகஸ்ட் 25

மோட்டாரே வேண்டாம் சகோ. நான் ஒன்றரை அடிக்குச் செங்கல் மேடை கட்டி, மேலே கடப்பா கல் போட்டு ஃப்ரிட்ஜை வைத்திருக்கிறேன். 2023-லும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போகிற பொருள் எதுவும் அதில் இல்லை.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), ஆகஸ்ட் 25

உங்கள் தெருவில் ஒன்றரை அடி போதும் என்றால் நிச்சயம் அதுதான் சரி. இதைப் படிக்கிற மற்றவர்களும் முதலில் அதையே யோசியுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் 2023 தண்ணீர்க் கோடு இரண்டேகால் அடியில் நிற்கிறது, 2015-ல் அதற்கும் மேல். 3 அடி மேடையில் ஃப்ரிட்ஜை வைத்தால் அம்மாவுக்கு ஃப்ரீசர் எட்டாது. வாஷிங் மெஷினுக்குள் துணி போட ஏணி வேண்டும். வருடம் முழுவதும் கீழே இருக்க வேண்டும், ஒரு நாள் மட்டும் மேலே போக வேண்டும்.


ஏழுகிணறுவாசி, ஆகஸ்ட் 25

கூரையில் கொக்கி அடித்து கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்றைத் தொங்கவிட்டால் வேலை முடிந்ததே? எங்கள் கடையில் சரக்கு ஏற்ற அப்படித்தான் வைத்திருக்கிறோம்.


பழைய கலாசி (ராயபுரம்), ஆகஸ்ட் 26

துறைமுகத்தில் ரிக்கிங் (கயிறு கட்டிப் பாரம் தூக்கும்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் கூரை. ராயபுரம், ஏழுகிணறு, மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பாதி மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டத்துக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு போட்ட கூரை. மேலிருந்து அழுத்தினால் தாங்கும். கொக்கி மாட்டிக் கீழே இழுத்தால் செங்கல் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கடைகளில் இரும்பு பீம் போட்டிருப்பார்கள், அது வேறு. புதிய கான்கிரீட் கூரையானாலும் உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ஆங்கர் அடித்து 120 கிலோவை ஓர் அம்மா தலைக்கு மேல் தொங்கவிட நான் சம்மதிக்க மாட்டேன். எடை முழுவதும் தரைக்குத்தான் இறங்க வேண்டும்.

இரண்டாவது வயர் ரோப். அது நல்ல பொருள்தான், ஆனால் கவனம் கேட்கும். டிரம் சின்னதாக இருந்தால் கம்பி முறியும். கயிற்றின் விட்டத்தைப்போல் 20 மடங்காவது டிரம் வேண்டும். கயிற்று நுனியை மடக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போடுவதில் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். கிளாம்பின் கட்டையான சேடில் பக்கம் சுமை வாங்கும் கயிற்றின் மேலும், யூ போல்ட் வெட்டிய நுனியின் மேலும் வர வேண்டும், குறைந்தது மூன்று. திருப்பிப் போட்டால் யூ போல்ட் நல்ல கயிற்றையே கடித்துவிடும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது தம்பி. தூக்கி முடித்து மோட்டாரை நிறுத்திய பிறகு, அந்த 120 கிலோவை மேலே பிடித்து வைத்திருப்பது எது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மோட்டார் வாங்கு.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), ஆகஸ்ட் 26

ஐயா, வைப்பர் மோட்டாருக்குள் வார்ம் கியர், அதாவது ஒரு திருகு சுற்றிப் பல் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு, இருக்கிறது. வெளியிலிருந்து திருப்பினால் சுற்றாது என்று படித்தேன். அது போதாதா?


லாஞ்ச்மெக்கானிக் (காசிமேடு), ஆகஸ்ட் 27

போதாது. படகு வின்ச்சுகளில் வார்ம் கியரைத் தினமும் பார்க்கிறேன். புதிதாக இருக்கும்போது பிடிக்கும். எண்ணெய் ஊறி, பல் தேய்ந்து, கூடவே அதிர்வும் சேர்ந்தால் மெல்ல மெல்ல வழுக்கும். வைப்பர் மோட்டாருக்குள் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பல் சக்கரம். அது கண்ணாடியைத் துடைக்கச் செய்தது, ஃப்ரிட்ஜைச் சுமக்க அல்ல. சுற்ற வேண்டிய வேலையை மட்டும் மோட்டாரிடம் கொடுங்கள். எடையைத் தாங்குவது வேறு ஒன்றாக இருக்கட்டும்.


லேத்பட்டறை (பெரம்பூர்), ஆகஸ்ட் 27

அந்த வேறு ஒன்று மரை. வயர் ரோப்பை மறந்துவிட்டு எம்16 த்ரெடட் ராடு, அதாவது முழு நீளமும் மரை வெட்டிய 16 மி.மீ. கம்பி, இரண்டு வாங்குங்கள். செம்புதாஸ் தெருவில் 1 மீட்டர் துண்டாகவே கிடைக்கும்.

எம்16-க்குப் பிட்ச் 2 மி.மீ. ஒரு சுற்றுக்கு மேடை 2 மி.மீ. ஏறும். சரிவு அவ்வளவு குறைவாக இருப்பதால் மேலிருந்து எவ்வளவு எடை அழுத்தினாலும் நட்டு தானாக இறங்காது, உராய்வே பிடித்துக்கொள்ளும். கார் ஜாக்கியின் திருகு காரைத் தாங்குவதும் இதே முறையில்தான். பலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சாதாரண இரும்பு ராடு ஒன்றே ஒரு டன்னை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். உங்களுக்கு ஒரு ராடுக்கு 60 கிலோதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. கொடுக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் எடையைத் தூக்கப் போகும், மிச்சம் உராய்வில் சூடாகிப் போய்விடும். வேகமும் குறைவு. ஆனால் வெள்ளம் ஒரு நிமிடத்தில் 3 அடி ஏறுவதில்லையே. கணக்குப் போட்டால் இரண்டு ராடும் சேர்ந்து கேட்கும் முறுக்கு விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர், பேரிங்கும் செயினும் தின்பதைச் சேர்த்து 3 என்று வைப்போம். வைப்பர் மோட்டார் அதைத் தரும். மழையில் மணிக்கணக்காக ஓடுவதற்கென்றே செய்த மோட்டார், பத்து நிமிடத்தில் எரிந்துவிடாது.

ராடைக் கீழிருந்து நிறுத்தாதீர்கள், மேலிருந்து தொங்கவிடுங்கள். தொங்கினால் எடை அதை இழுத்து நேராகவே வைத்திருக்கும், வளையாது. மேலே, எடையைத் தாங்கியபடி ராடைச் சுற்றவிடும் 51103 த்ரஸ்ட் பேரிங், அதன் ஓட்டை 17 மி.மீ., எம்16 ராடு லேத் வேலை இல்லாமலே உள்ளே போகும். பேரிங்குக்கு மேல் ஒரு வாஷர், இரண்டு நட்டு எதிரெதிராக இறுக்கம். கீழ் நுனிக்கு ஓட்டை போட்ட ஒரு பட்டை போதும், ஆடாமல் இருக்க மட்டும்.


சால்டரிங்ராடு (தண்டையார்பேட்டை), ஆகஸ்ட் 27

அண்ணா, பேட்டரிக் கணக்கு நான் சொல்கிறேன். 120 கிலோவை 85 சென்டிமீட்டர் (1 மீட்டர் ராடில் 3 அடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஏறும்) தூக்க உண்மையில் வேண்டிய ஆற்றல் சுமார் 1,000 ஜூல். யூ.பி.எஸ்.ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 3 லட்சம் ஜூல். மரையிலும் மோட்டாரிலும் எவ்வளவு வீணானாலும், 5 ஆம்பியர் வீதம் 10 நிமிடம் ஓடினால் ஒரு ஆம்பியர் மணி கூட ஆகாது. ஒரு சார்ஜில் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கலாம்.


எர்ணாவூர்அக்கா, ஆகஸ்ட் 28

தம்பி, நீ வரைந்து காட்டிய படத்தில் மேடையைத் தாங்கும் சட்டம் மேலே நான்கு பக்கமும் சுற்றி வருகிறதே, ஃப்ரிட்ஜ் கதவை எப்படித் திறப்பாய்? உன் படத்தில் முன்பக்கக் குறுக்குக் கம்பி ஃப்ரீசர் கதவுக்கு நேராக வருகிறது.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), ஆகஸ்ட் 28

அக்கா, நான் அதைப் பார்க்கவே இல்லை. நல்லவேளை, வெல்டிங்குக்கு முன்னால் சொன்னீர்கள்.

முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, மேல் சட்டத்தை ப வடிவத்தைத் திருப்பிப் படுக்கப் போட்டதுபோல் மாற்றிவிட்டேன். இடப்பக்கம் நடுவில் ஒரு தூண், வலப்பக்கம் நடுவில் ஒரு தூண், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ராடு. இடது ராடு சுற்றினால் வலது ராடும் அதே அளவு சுற்ற வேண்டும். அதற்குச் சைக்கிள் செயின், பின்பக்கச் சட்டத்தை ஒட்டி ஓடி, மூலைகளில் சின்ன உருளைகளில் திரும்பி வருகிறது.


லேத்பட்டறை (பெரம்பூர்), ஆகஸ்ட் 29

இரண்டு ராடு என்றால் மேடை முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும். 40-க்கு 40 சதுரப் பைப்பைத் தூணாக வைத்து, அதன் மேல் 50-க்கு 50 பைப்பை உறைபோல் மாட்டி, அந்த உறையோடு மேடையை வெல்ட் செய்யுங்கள். இடையில் 3 மி.மீ. சந்து இருக்கும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதை அளவுக்கு இழைத்துப் பட்டையாக உள்ளே ஒட்டுங்கள். கிரீஸே வேண்டாம், வழுவழு என்று ஓடும்.

உறையின் நீளம் முக்கியம். பழைய மர மேசையின் இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் கோணலாகி மாட்டிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அகலம் அதிகம், உள்ளே போகும் நீளம் குறைவு, அதனால்தான். இங்கேயும் அப்படித்தான். உறை 10 செ.மீ. மட்டும் இருந்தால், ஃப்ரிட்ஜ் கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றாலே இறுகிவிடும். 30 செ.மீ. வையுங்கள்.


பழைய கலாசி (ராயபுரம்), ஆகஸ்ட் 29

இப்போதுதான் மனதுக்குச் சரியாகப் படுகிறது. இன்னும் இரண்டு கேட்கிறேன். மேடையின் நட்டுக்குக் கீழே 5 மி.மீ. இடைவெளி விட்டு இன்னொரு நட்டு, அதையும் மேடையோடு சேர்ந்து நகரும்படி ஒரு கூட்டில் அடை. மேல் நட்டின் மரை என்றாவது அறுந்தால் எடை 5 மி.மீ. இறங்கி இரண்டாவது நட்டில் உட்காரும். அந்த இடைவெளி குறைந்திருக்கிறதா என்று வருடா வருடம் பார்த்தாலே தேய்மானமும் தெரிந்துவிடும்.

அப்புறம் தூணில் 15 செ.மீ.க்கு ஓர் ஓட்டை. மேலே போனதும் உறைக்குக் கீழே 12 மி.மீ. இரும்பு ஆணி ஒன்றை, அதாவது பின்னை, சொருகிவிட வேண்டும். மூன்று நாள் தண்ணீர் நின்று, திருகே வழுக்கினாலும் எடை கீழே வராமல் பின்னில் உட்காரும். தூணின் தலையை இரண்டு ஆங்கர் போல்ட்டால் சுவரோடு பிடி. அது எடைக்கு அல்ல, சாயாமல் இருக்க.


சால்டரிங்ராடு (தண்டையார்பேட்டை), செப்டம்பர் 2

மின்சாரப் பகுதி. ஏற்றவும் இறக்கவும் ஆறு கால் ஸ்விட்ச் ஒன்று, நடுவில் வைத்தால் மோட்டார் நிற்கும் வகை. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். மேடை வந்து தொட்டதும் மோட்டாரை நிறுத்த, மேலே ஒன்று, கீழே ஒன்று லிமிட் ஸ்விட்ச். நிறைய பேர் தடுமாறும் இடம் இது. மேல் ஸ்விட்ச் திறந்து மோட்டார் நின்றதும், மின்பாதை அறுந்தே கிடப்பதால் திரும்ப இறக்கவும் முடியாது. அந்த ஸ்விட்சின் இரண்டு காலுக்கும் குறுக்கே 10 ஆம்பியர் டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) ஒன்றைப் போட்டால், ஏற்றும் திசையில் கரண்ட் அடைபடும், இறக்கும் திசையில் டயோடு வழியே போகும். கீழ் ஸ்விட்சுக்கு அதையே திருப்பிப் போடுங்கள். ரிலே, போர்டு எதுவும் வேண்டாம். கெட்டுப்போக ஆள் குறைவாக இருப்பது நல்லது.

பேட்டரி, ஸ்விட்ச், மோட்டார் எல்லாம் தரையிலிருந்து 4 அடிக்கு மேலே.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), செப்டம்பர் 21

சட்டம் தயார். இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். அடுத்தவர் வாங்காமல் இருக்க எழுதுகிறேன்.

ஒன்று. சைக்கிள் கடையில் 18 பல் சக்கரம் இரண்டு கேட்டேன். இடது ராடுக்கு முழுதாக இறுகிய சக்கரம் கிடைத்தது, வலதுக்கு ஃப்ரீ வீல்தான் இருந்தது. பல் எண்ணிக்கை ஒன்றுதானே என்று வாங்கிவிட்டேன். ஏற்றும்போது இரண்டு பக்கமும் அழகாக ஏறியது. இறக்கும்போது வலப்பக்கம் கடகடவென்று சத்தம் போட்டபடி அப்படியே நின்றது, இடப்பக்கம் மட்டும் இறங்கியது. மேடையில் அப்போது மணல் மூட்டைதான் இருந்தது, அதுவும் சரிய ஆரம்பித்துவிட்டது. ஃப்ரீ வீலின் வேலையே ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விடுவதுதான். பிறகு உள் வளையத்தையும் வெளி வளையத்தையும் சேர்த்து வெல்ட் அடித்துப் பூட்டினேன்.

இரண்டு. ஏற்றும் ஸ்விட்சைப் போட்டால் ஓடியது, இறக்கும் பக்கம் போட்டதும் ஃபியூஸ் போய்விட்டது. மூன்று ஃபியூஸ் போன பிறகுதான் புரிந்தது. காரில் மைனஸ் வருவது பாடி வழியாக, அதனால் என் மோட்டாரின் இரும்பு உடம்பே ஒரு முனை. பேட்டரியின் மைனஸையும் நான் சட்டத்தில் கட்டியிருந்தேன். திசை மாறும்போது உடம்புக்குப் பிளஸ் போய், சட்டம் வழியாக நேர் ஷார்ட். மோட்டாருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் ஷீட், போல்ட்டுக்குப் பிளாஸ்டிக் புஷ், ராடுக்கும் மோட்டாருக்கும் இடையே ரப்பர் கப்ளிங் போட்டேன். பேட்டரியின் எந்த முனையும் இப்போது சட்டத்தைத் தொடுவதில்லை.


சால்டரிங்ராடு (தண்டையார்பேட்டை), செப்டம்பர் 21

அண்ணா, பாடி எர்த் விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லா வைப்பர் மோட்டாரும் அப்படி இல்லை, சிலவற்றில் உடம்பு தனியாக இருக்கும். வாங்கியதும் மல்டி மீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. 15 ஆம்பியர் ஃபியூஸ் அதன் வேலையைச் செய்திருக்கிறது. அது இல்லாவிட்டால் வயர் எரிந்திருக்கும்.


லாஞ்ச்மெக்கானிக் (காசிமேடு), செப்டம்பர் 22

செயின் ஒரு பல் தாவினால் மேடை சாயாதா என்று இங்கே ஒரு நண்பர் கேட்டார். 18 பல்லில் ஒரு பல் என்றால் 2 மி.மீ.யில் பதினெட்டில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. பயப்பட வேண்டியது செயின் முழுதாகக் கழன்று விழுந்தால்தான். அப்போதும் ஒரு பக்கம் 20 சுற்று தனியாக ஏறினால் 4 செ.மீ. சாய்வு, அதற்கு அரை நிமிடம் ஆகும், பார்த்து நிறுத்திவிடலாம். திருகு மெதுவாக ஓடுவதில் இந்த நன்மை இருக்கிறது. சக்கரத்தின் மேல் ஒரு தகடு மூடி போட்டுவிடுங்கள், செயின் மேலே எழும்பாது, விரலும் போகாது.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), செப்டம்பர் 22

சரி அண்ணே, தகடு போட்டுவிடுகிறேன். ராடு துருப்பிடிக்குமே, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடும் எஸ்.எஸ். நட்டும் மாற்றிவிடலாமா?


லேத்பட்டறை (பெரம்பூர்), செப்டம்பர் 22

வேண்டாம். எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். எடையோடு தேய்ந்தால் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ராடு எஸ்.எஸ். வேண்டும் என்றால் நட்டைக் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) கடைந்து தருகிறேன். வருடத்துக்கு நான்கு முறை ஓடும் மேடைக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடும் நீளமான கப்ளிங் நட்டும் கிரீஸும் தாராளம்.


எர்ணாவூர்அக்கா, செப்டம்பர் 23

வாஷிங் மெஷின் சுற்றும்போது வீடே அதிரும். அந்த அதிர்வு வருடம் முழுவதும் உன் நட்டில் விழுந்தால் என்ன ஆகும்? அதிரும் இடத்தில் திருகு தானாகக் கழலும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், அவர் ஃபிட்டர்.


லேத்பட்டறை (பெரம்பூர்), செப்டம்பர் 23

அண்ணன் சொல்வது சரி. உராய்வை நம்பி நிற்கும் திருகுக்கு அதிர்வுதான் எதிரி. கீழ் நிலையில் மேடை திருகில் தொங்கவே கூடாது. தரையில் நான்கு மூலைக்கும் தடித்த ரப்பர் கட்டை வைத்து, மேடை அதன் மேல் முழுதாக உட்கார்ந்த பிறகுதான் கீழ் லிமிட் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும்படி சரிசெய்யுங்கள். தினசரி எடை தரைக்கு, தூக்கும்போது மட்டும் திருகுக்கு.


ஏழுகிணறுவாசி, செப்டம்பர் 30

இதையே பெரிதாகச் செய்து என் தாத்தாவை முதல் மாடிக்கு ஏற்ற முடியுமா? படி மிகச் செங்குத்து.


பழைய கலாசி (ராயபுரம்), செப்டம்பர் 30

முடியாது தம்பி. ஆள் ஏறும் லிஃப்டுக்குத் தமிழ்நாட்டில் 1997-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, உரிமம் வேண்டும், ஆய்வு வேண்டும். கயிறு அறுந்தாலும் பிடிக்கும் பிரேக், கதவு பூட்டு, எல்லாம் அதில் வரும். ஃப்ரிட்ஜ் விழுந்தால் பணம் போகும், தாத்தா விழுந்தால் என்ன செய்வாய்? அவருக்குப் படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி போடு. இல்லையென்றால் கீழ் அறையைக் கொடு.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), அக்டோபர் 12

ஐயா சொன்னபடி சோதனை முடிந்தது. துறைமுகத்தில் கிரேனை 125 சதவீத எடை வைத்துச் சோதிப்பார்கள் என்றார். அதே கணக்கில் மேடையும் சேர்த்து 150 கிலோ வருமாறு மணல் மூட்டை அடுக்கி, பின் சொருகாமல், ஓர் இரவு முழுவதும் மேலேயே விட்டேன். தூணில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தேன். காலையில் கோடும் உறையும் அதே இடம். ஏற 9 நிமிடம் 40 விநாடி. மீட்டரில் 4 முதல் 5 ஆம்பியர் வரை காட்டியது.

ஒரு பிரச்சினை மிச்சம். கையை எடுத்தால் நிற்கும் ஸ்விட்ச்தான் போட வேண்டும் என்று ஐயா பிடிவாதமாக இருக்கிறார். அம்மா ஒரு முறை அழுத்திப் பார்த்தார். மூன்று நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது.


பழைய கலாசி (ராயபுரம்), அக்டோபர் 12

இறங்கும் மேடைதான் காலை நசுக்கும். அடியில் பூனை படுத்திருக்கலாம், குழந்தை கை விடலாம். அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.


சால்டரிங்ராடு (தண்டையார்பேட்டை), அக்டோபர் 12

அப்படியானால் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதம் வைப்போம். ஏற்றும் பக்கம் ஒருமுறை தட்டினால் கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்விட்ச், அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொள்ளலாம், மேல் லிமிட் ஸ்விட்ச் நிறுத்திவிடும். இறக்கும் பக்கம் ஸ்பிரிங், விட்டால் நிற்கும். அவசரமாக இறக்க வேண்டிய தேவை என்றைக்குமே இல்லை, நீங்கள் வீட்டில் இருக்கும்போது செய்துகொள்ளலாம். ரிச்சி தெருவில் ஒரு பக்கம் பூட்டி ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த ஸ்விட்ச் கேட்டால் தருவார்கள். பக்கத்தில் சிவப்புத் தலை ஸ்டாப் பொத்தான் ஒன்று.


பழைய கலாசி (ராயபுரம்), அக்டோபர் 13

இதற்குச் சம்மதம்.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), அக்டோபர் 20

ஸ்விட்ச் மாற்றியாயிற்று. மேல் அம்பு பச்சை, கீழ் அம்பு சிவப்பு பெயிண்ட். அம்மா தானே இரண்டு முறை ஏற்றிப் பார்த்துவிட்டார்.

செலவு கேட்டவர்களுக்கு: பைப்பும் பட்டையும் 2,300, ராடு, நட்டு, பேரிங் 900, பழைய வைப்பர் மோட்டார் 600, செயினும் சக்கரமும் 450, பேட்டரி 950, ஸ்விட்ச், டயோடு, வயர், ஃபியூஸ் 500, வெல்டிங் கூலி 1,500. ஆக 7,200. இருநூறு தாண்டிவிட்டது.

பேட்டரி செத்தால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். மோட்டார் பூட்டியிருக்கும் வரை ராடைக் கையால் திருப்ப முடியாது, வார்ம் கியர் விடாது. அதனால் கப்ளிங்கில் இழுத்தால் வரும் பின் வைத்திருக்கிறேன். அதை உருவிவிட்டு மேல் நட்டில் 24 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம், 425 சுற்று. அம்மாவால் முடியாது, பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பேட்டரிக்குச் சார்ஜ் போட வேண்டும், காலண்டரில் குறித்தாயிற்று. சும்மா கிடந்தாலே அது கெட்டுவிடும்.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), நவம்பர் 28

நேற்று இரவு மேடைக்கு வேலை வந்தது. நான் ஷிப்டில் இருந்தேன். ஒன்பதரை மணிக்கு அம்மா போன் செய்தார். தெருவில் இரண்டாவது படி வரை தண்ணீர், ஆனால் வீட்டுக்குள் முதலில் வந்தது வாசல் வழியாக அல்ல, குளியலறை ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மெயினை அணைக்கச் சொன்னேன். தரை காய்ந்திருக்கும்போதே அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் மெஷின் பிளக்கையும் உருவிவிட்டு, பச்சை அம்பைத் தட்டியிருக்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கிளிக் என்று நின்றதும், இரண்டு பின்னையும் சொருகிவிட்டதாகச் சொன்னார்.

கணுக்கால் அளவுதான் வந்தது. காலையில் நான் போனபோது அம்மா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது. கழுவி முடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, காயும் வரை இறக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் செய்த ஒரு மாற்றம்: குளியலறை ஓட்டைக்கு ரப்பர் மூடி. மழை அறிவிப்பு வந்தாலே அதைப் போட்டு, மேல் ஒரு மணல் மூட்டை. தண்ணீர் அங்கே எட்டிப் பார்த்தால் மேடையை ஏற்ற வேண்டிய நேரம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.


பழைய கலாசி (ராயபுரம்), நவம்பர் 28

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். இறக்கிய பிறகு இரண்டு நட்டுக்கும் இடையே 5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுது.


காட்டன்கால்வாய் (வியாசர்பாடி), நவம்பர் 29

இரண்டு பக்கமும் 5 மி.மீ. அப்படியே இருக்கிறது ஐயா.


எர்ணாவூர்அக்கா, டிசம்பர் 1

எங்கள் பக்கம் 2023-ல் வந்தது வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய். சுவரில் அந்தக் கறுப்புக் கோடு பெயிண்ட் அடித்தும் தெரிகிறது. அதில் முங்கிய பொருளைக் கழுவிக்கூட எடுக்க முடியவில்லை. எனக்கும் இதே மேடை வேண்டும். ஆனால் என்னுடையது முன்பக்கம் திறக்கும் மெஷின், 65 கிலோ. உள்ளே கான்கிரீட் கட்டை வைத்திருக்கிறார்களாமே. தாங்குமா?


லேத்பட்டறை (பெரம்பூர்), டிசம்பர் 1

தாங்கும் அக்கா. மொத்தம் 160 கிலோ வரும். ராடு அதே எம்16, மேடையின் நீளக் குறுக்குப் பைப்பை மட்டும் 50-க்கு 50 ஆக மாற்றுங்கள், மெஷினை ஒரு தூணுக்கு ஒட்டி வையுங்கள், நடுவில் வேண்டாம். மோட்டார் இன்னும் ஒன்றிரண்டு ஆம்பியர் கூடுதலாக இழுக்கும், ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்தி ஓட்டச் சொல்லுங்கள்.

ராடு வாங்கும்போது அண்ணனை ஒரு நட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கடையிலேயே நட்டை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை கையால் ஓட்டிப் பார்த்து, எங்கும் இறுகாத ராடாக இரண்டை எடுக்க வேண்டும். அதன் பிறகு தரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளும். இரண்டும் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், சக்கரத்தை வெல்ட் செய்து தருகிறேன்.